சேர் எழுதியதை எழுதியபடியே

"முன்வந்து கதைப்பதில்லை. உதவியாளர் வேலைக்கு மிகப் பொருத்தமானவர்."

ஒன்பது வருடம் வேலை செய்த என்னைப் பற்றி என் மேலதிகாரி, எங்கள் சேர், எழுதிய இரண்டு வசனங்கள் இவை. வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தின் கடைசிப் பெட்டிக்குள், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். எழுதியதை எங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது கொம்பனியின் விதி. காட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு கந்தோர்க் குசினிக்குள் போய், தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில், கேத்திலின் மூடியை ஓங்கி அடித்து மூடினேன். அன்றைக்கு என்னால் காட்ட முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்திருக்க வேண்டும். அதற்கான பரீட்சையில் தேறியிருந்தேன். உயர்வு வந்தால் அளவீட்டுச் சான்றிதழில் நானே கையெழுத்துப் போடலாம். ஒன்பது வருடம் இன்னொருவரின் கையெழுத்துக்காகக் கணக்குப் பார்த்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்படி வேலை செய்தவர்களுக்குத்தான் விளங்கும். அதைத்தான் அந்த இரண்டு வசனங்கள் தின்றுவிட்டன.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறும், இறங்கும் சரக்கை நாங்கள் அளக்கிறோம். கப்பலைத் தூக்கித் தராசில் வைக்க ஏலாது. ஆகவே வள்ளத்தில் கப்பலைச் சுற்றிப் போய், அதன் உடம்பில் முன்னும் நடுவும் பின்னும் இரண்டு பக்கமும் எழுதியிருக்கும் இலக்கங்களைப் பார்த்து, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று குறிப்போம். எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீரை அது தள்ளியிருக்கிறது. தள்ளிய தண்ணீரின் பாரம் தெரிந்தால் கப்பலின் பாரம் தெரியும். வெறும் கப்பலை ஒருமுறை, சரக்கேற்றிய கப்பலை ஒருமுறை அளந்து கழித்தால் சரக்கு எத்தனை தொன் என்று வந்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாக் கடல் நீரும் ஒரே பாரம் இல்லை. உப்புக் கூடினால் பாரம் கூடும், ஆற்றுநீர் கலந்தால் குறையும். அதனால் ஒவ்வொரு முறையும் கப்பலருகே ஆழத்தில் தண்ணீர் எடுத்து, அதில் அடர்த்திமானியை மிதக்கவிட்டு, அது காட்டும் இலக்கத்தை எழுத வேண்டும். கடல் நீருக்குப் புத்தகத்தில் உள்ள இலக்கம் ஆயிரத்து இருபத்தைந்து. புத்தகம் எழுதியவர் மார்கழியிலும் தையிலும் எங்கள் ஊருக்கு வந்து பார்த்ததில்லை. அந்த மாதங்களில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கும். செம்மண் நிறத்தில் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகக் கடலுக்குள் நீளும். உப்பாறு தொடக்கம் துறைமுகத்தின் உள்பக்கம் வரை தண்ணீரின் சுவையே மாறிவிடும்.

எங்கள் சேர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த நாள் முதல் ஆயிரத்து இருபத்தைந்துதான் எழுதுவார். வெயிலென்றாலும் அதுதான், வெள்ளமென்றாலும் அதுதான். வள்ளத்தில் ஏறவே மாட்டார். போட்டிருக்கும் சேட்டு நனைந்துவிடுமாம். நேரே கப்டனின் அறைக்குப் போய், குளிரூட்டிக்குக் கீழே கோப்பியும் பிஸ்கட்டுமாக இருப்பார். நானும், நானா என்று நான் கூப்பிடும் வள்ளக்காரரும் கப்பலைச் சுற்றி அலைக்குள் ஆடி ஆடி இலக்கம் பார்ப்போம்.

சேர் பிழை விட்டால் அதைச் சேருக்கு முன்னால் சொல்லும் வழக்கம் எங்கள் கந்தோரில் இல்லை. கப்டனுக்கு முன்னால் சொல்வதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். எனக்கு முன்பு இருந்த உதவியாளரும் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் பழகினேன். சேர் கையால் எழுதித் தருவதை வாங்கிக்கொண்டு போய், கணினியில் அடிக்கும்போது சரியான இலக்கத்தைப் போட்டு, கணக்கை முழுக்கத் திருப்பிச் செய்து, அச்செடுத்து நீட்டிவிடுவோம். சேர் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார். மரியாதையும் கெடாது, கணக்கும் கெடாது. இப்படி நான் திருத்திய கணக்குகளின் மேல் ஏறி நின்றுதான் அவர் பிழையே விடாத அளவையாளர் என்று கொழும்பு வரை பெயர் எடுத்தார். அந்தப் பெயர் எடுத்தவர்தான் நான் உதவியாளர் வேலைக்கு மிகப் பொருத்தமானவள் என்று எழுதினார்.

வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

படிவம் வந்த அடுத்த வாரம் தலைமைக் கந்தோரிலிருந்து எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. உங்கள் தொழில் வளர்ச்சிக்காக, ஒவ்வொரு நாளும் நீங்கள் செய்த வேலையைக் குறித்து வையுங்கள், வருட முடிவில் அதைத் திரும்பிப் பாருங்கள் என்று இருந்தது. மற்றவர்கள் அதை வாசித்துவிட்டுக் குப்பைக்குள் போட்டார்கள். நான் அன்று பின்னேரமே கடைக்குப் போய் மொத்த அட்டைச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கினேன். இடது பக்கத்தில் சேர் எழுதியது. வலது பக்கத்தில் தண்ணீர் காட்டியது. அதற்குக் கீழே, நான் அடித்துக் கொடுத்தது.

அந்த மூன்றாவது வரிதான் விஷயம். அன்றிலிருந்து நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். சேர் எழுதியதை எழுதியபடியே அடித்தேன்.

யாரும் என்னைக் குற்றம் சொல்ல ஏலாது. நான் உதவியாளர். எழுதித் தந்ததை அடிப்பதுதான் உதவியாளரின் வேலை. முன்வந்து கதைக்காத ஆள் என்று படிவத்திலேயே இருக்கிறது. அவர் எனக்குத் தைத்துத் தந்த சட்டையை அப்படியே போட்டுக்கொண்டேன். அளவு கச்சிதமாக இருந்தது.

வெயில் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரும் ஏறத்தாழ ஆயிரத்து இருபத்தைந்துக்குப் பக்கத்திலேயே நின்றது. கறுவிக்கொண்டு திரிந்தேன். சேர் கொழும்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கந்தளாய்த் தயிர்ச் சட்டி இரண்டு வாங்கி, கயிற்றால் கட்டி, அவருடைய வாகனத்தில் வைப்பதும் என் வேலைதான். அது எந்தப் படிவத்திலும் இல்லை. வைக்கும்போதெல்லாம் வானத்தைப் பார்த்தேன். வயல் செய்கிறவர்கள்கூட அந்த வருடம் என்னளவுக்கு மழையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தை மாதம் மழை பிடித்தது. விடாமல் நாலு நாள் அடித்தது. அந்த மழைக்குள்ளேதான் கனிய மணல் ஏற்றிய ஒரு கப்பலுக்கு இறுதி அளவீடு வந்தது.

வள்ளக்கார நானா கிண்ணியாவைச் சேர்ந்தவர். ஐம்பது வயது தாண்டியவர். எங்கள் கொம்பனியில் நிரந்தர ஆள் இல்லை, கப்பலுக்குக் கப்பல் கூப்பிடும் ஆள். என்னைவிட அதிக காலம் இந்த வேலையில் இருக்கிறார். அன்று அவர் மாதிரிப் போத்தலை ஆழத்துக்கு இறக்கித் தண்ணீர் எடுத்து, தருவதற்கு முன்பு ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஆத்துத் தண்ணி நல்லா எறங்கிரிச்சி, தங்கச்சி. உப்பே இல்ல. சேரிட்ட செல்லுங்க."

சொல்லுங்கள் என்பது நானாவின் ஊர்ப் பேச்சில் செல்லுங்க. அடர்த்திமானியை விட்டேன். ஆயிரத்துப் பதின்மூன்று. மூன்று ஆழத்தில் எடுத்துப் பார்த்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. கூட வந்து பார்க்க வேண்டிய கப்பல் அதிகாரி மழைக்குப் பயந்து மேலேயே நின்றுவிட்டார். நான் கயிற்றேணியில் ஏறும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தால் இல்லை. கலியாண வீட்டுக்குப் போகிறவளைப் போல இருந்தது எனக்கு.

மேலே சேர் கணக்குத் தாளில் தண்ணீரின் அடர்த்தியை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். நான் வருமட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் கொண்டுபோன கப்பல் இலக்கங்களை மட்டும் வாங்கிக் கணக்கை முடித்தார், தண்ணீர் என்ன காட்டியது என்று கேட்கவில்லை. அடர்த்தி எழுதும் இடத்தில், வழக்கம் போல, ஆயிரத்து இருபத்தைந்து.

"கெதியா அடிச்சு முடியுங்கோ மிஸ். மழை கூடப்போகுது."

"ஓம் சேர்."

அடித்தேன். அந்த இலக்கம் வந்தபோது விரல் ஒரு கணம் நின்றது. அதை மறைக்க மாட்டேன். ஒன்பது வருடப் பழக்கம், விரல் தானாகத் திருத்தப் பார்த்தது. விடவில்லை. எழுதியபடியே அடித்து, அச்செடுத்து நீட்டினேன். கப்டன் கையெழுத்துப் போட்டார். சேர் வாசிக்காமல் போட்டார். பாரம் குறைந்த தண்ணீரைப் பாரமான தண்ணீராகக் கணக்கிட்டதில், கப்பலில் ஏறாத சில நூறு தொன் மணல் சான்றிதழில் ஏறிவிட்டது.

திரும்பி வரும்போது நானா சுக்கானைப் பிடித்தபடி கேட்டார்.

"சேரிட்ட சென்னீங்களா?"

"ஓம்," என்றேன்.

அன்றிரவு கொப்பியில் எழுதினேன். இடது பக்கம் ஆயிரத்து இருபத்தைந்து. வலது பக்கம் ஆயிரத்துப் பதின்மூன்று. கீழே, அடித்தது: ஆயிரத்து இருபத்தைந்து.

மாசி மாதம் செய்தி வந்தது. சரக்கு இறக்கிய துறைமுகத்தில் அளந்தபோது மணல் குறைகிறது, சான்றிதழ் பிழை என்று கொழும்புக்கு எழுதியிருந்தார்கள். கொழும்பிலிருந்து சேருக்கு அழைப்பு வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றதைப் பார்த்தேன். யாரோடு கதைத்தாலும் கதிரையில் சாய்ந்திருந்து கதைக்கிற மனிதர். எனக்குப் பசித்தது. கடைக்குப் போய் இரண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்டீயும் வாங்கி, ஆறுதலாக இருந்து சாப்பிட்டேன். அந்த வருடத்திலேயே ருசியான சாப்பாடு அதுதான்.

அடுத்த நாள் சேர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைத் தந்தார். கொழும்புக்கு அனுப்ப வேண்டிய விளக்கக் கடிதம். கையால் எழுதியிருந்தார்.

"இதை அடிச்சுத் தாங்கோ."

வாசித்தேன். தண்ணீர் மாதிரி எடுக்கும் பொறுப்பு வள்ளக்காரருடையது என்றும், அவர் சரியான ஆழத்தில் எடுக்காமல் பிழையான மாதிரி தந்ததாலேயே இந்த வழு நேர்ந்தது என்றும், அவரை இனிமேல் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று தீர்மானித்திருப்பதாகவும் இருந்தது.

சேர் விழுவார் என்று பத்து மாதம் காத்திருந்தேன். விழுகிறவர் பக்கத்தில் நிற்கிறவரைப் பிடித்து இழுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் நானாவை. அவ்விடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். மாதிரி சரி சேர், நான் பார்த்தனான், ஆயிரத்துப் பதின்மூன்று என்று நாலு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் ஏன் அடித்தாய்? சேர் உடனே அதைப் பிடித்துக்கொள்வார், பழி முழுவதும் என் தலையில் வந்து விழும், பதவி உயர்வு அத்தோடு சரி. மதிப்பீட்டுக்குப் பங்குனியில் கொழும்பிலிருந்து சேருக்கும் மேலான பெரியவர் வருவார். அவருக்கு முன்னால் கொப்பியை வைத்தால்தான் சேர் தப்ப ஏலாது. இன்னும் ஐந்து கிழமை.

கடிதத்தை எழுதியபடியே அடித்துக் கொடுத்தேன்.

அந்த ஐந்து கிழமையும் நானாவுக்கு வேலை இல்லை. ஒரு நாள் துறைமுக வாசலில் நின்றார். காவலர்கள் உள்ளே விடவில்லை. நான் வெளியே வரும் வரை நின்றிருக்கிறார்.

"நான் பிழையாவா எடுத்த, தங்கச்சி? நீங்க பக்கத்தில இரிந்தீங்கதானே."

"கொஞ்சம் பொறுங்கோ நானா. எல்லாம் சரிவரும்," என்றேன். அவருடைய கண்ணைப் பார்க்காமல், கைப்பைக்குள் எதையோ தேடுகிறவள் போலச் சொன்னேன்.

பெரியவர் வருவதற்கு முதல் நாள் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். தை மாதத்துப் பக்கத்தில் மூன்றாவது வரி இருந்தது. சேருக்கு எதிரான சாட்சி அந்தப் பக்கம். எனக்கு எதிரான சாட்சியும் அதே பக்கம். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். சீ.ஆர். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் இணைத்தாள் கழன்று வரும். ஆனால் நான் கிழிக்காமல் விட்டது அதனாலும் இல்லை, நேர்மையாலும் இல்லை. சேரை விழுத்தக்கூடிய பக்கம் அது ஒன்றுதான். அதைக் கிழித்துவிட்டு மிச்சத்தை என்ன செய்வது?

அடுத்த நாள் சேரும் பெரியவரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். என் முறை வந்தபோது, இந்த வருடம் என்ன செய்தீர்கள் என்று பெரியவர் கேட்டார். கொப்பியைத் தள்ளி வைத்தேன். அவர் புரட்டினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. தை மாதத்துப் பக்கத்தில் நின்றார். சேர் எட்டிப் பார்த்தார். பார்த்த அந்த முகத்தை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. முன்வந்து கதைக்க முடியாத ஆள் அன்றைக்கு அவர்தான்.

"அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கிறது," என்றார் பெரியவர்.

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

இந்தக் கேள்விக்கான பதிலை ஒரு வருடம் பாடமாக்கி வைத்திருந்தேன்.

"நான் முன்வந்து கதைக்கிறதில்லை எண்டு போன வருசப் படிவத்தில சேர் எழுதியிருக்கிறார்."

பெரியவர் சிரித்துவிட்டார். வாய்விட்டே சிரித்தார். கண்டிப்பார் என்று நினைத்தேன், குறைந்தது ஒரு தரமாவது முறைத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அது ஒரு பகிடியாகவே போய்விட்டது. கணக்குகளைக் காட்டி, இவையெல்லாம் நீங்களே செய்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். வள்ளக்காரரின் மாதிரி சரி, கடிதத்தில் இருப்பது பொய் என்றும் சொன்னேன். அது சின்ன விஷயம், ஆளைக் கூப்பிட்டு வேலையைக் கொடுங்கள் என்றார்.

இரண்டு கிழமைக்குள் சேரைக் கொழும்புக்கு எடுத்தார்கள். ஜன்னல் இல்லாத ஒரு அறையில் கோப்பு அடுக்குகிற வேலை என்று கேள்விப்பட்டேன். கேட்க இனித்தது. போகிற அன்று மேசையை வெறுமையாக்கிவிட்டு என் பக்கம் வந்தார்.

"அண்டைக்கே நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், மிஸ்."

"நீங்கள் ஒருக்காக் கேட்டிருக்கலாம், சேர்."

அவர் போனார். தயிர்ச் சட்டி வாங்கிக் கொடுக்கவில்லை. கையெழுத்து அதிகாரம் எனக்கு வந்தது. இவை எதற்காகவும் நான் வருந்தவில்லை. திரும்ப ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்கக் கிடைக்குமென்றால் இன்னொரு வருடமும் கொப்பி எழுதுவேன்.

நானாவிடம் நானே போனேன். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். உங்கள் பேரில் பிழை இல்லை என்று கொழும்பே ஒத்துக்கொண்டுவிட்டது, திங்கட்கிழமை தொடக்கம் வரலாம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு வள்ளத்தில வெச்சு நான் கேட்ட. சேரிட்ட சென்னீங்களா எண்டு."

"ஓம்."

"ஓம் எண்டு சென்னீங்க."

ஒரு வருடத்தில் பெரியவருக்கு ஒரு பதில், சேருக்கு ஒரு பதில் என்று தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். இவருக்கு ஒன்று வேண்டிவரும் என்று நினைத்திருக்கவில்லை. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். உள்ளே பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார். திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கப்பல் என்று கேட்டார்.

திங்கட்கிழமை வந்தார். கப்பலைச் சுற்றினோம். போத்தலை இறக்கித் தண்ணீர் எடுத்தார். வழக்கமாக அதை என் கையில் தருவார். அன்று தரவில்லை. தானே கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அடர்த்திமானியை விட்டு, குனிந்து இலக்கத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கப்பலின் தளத்தில் கைப்பிடியில் சாய்ந்து நின்ற அதிகாரியைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த இலக்கத்தை இரண்டு தரம் உரத்துச் சொன்னார். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏன் நானா சத்தம் போடுறீங்கள்? நான் எழுதுறன்தானே," என்றேன்.

"எழுதுங்க தங்கச்சி," என்றார். "எழுதுறத்துக்கு முந்தி நாலு பேருக்குக் கேக்கட்டும்."

இப்போது சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து. ஒவ்வொரு கப்பலிலும் அவர் கத்துகிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.